ஐந்து சபைகள், ஐந்து படங்கள்

ஆண்டின் கடைசி மாதம் தீர்ப்பு மாதமாகும். பாடசாலைகளில் விடைத்தாள்கள் திருத்தப்பட்டுப் புள்ளிகள் பதியப்படுகின்றன. பத்திரிகைகளிலே சினிமா விமரிசகர்கள் அவ்வாண்டுப் படங்களை முதலாவது, இரண்டாவது என்று பத்து வரை அடுக்கி வைக்கின்றனர். முன்னைய தொழிலில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக உழல்பவன் நான். பின்னைய தொழிலாளரின் பட்டியல்களை விரும்பிப் படிப்பவனும் ஆவேன். தமிழ்ப் பண்டிதனுக்குச் சினிமாவில் என்ன வேலை என்று கேட்பாரும் உளர். முத்தமிழுள் ஒன்று நாடகத் தமிழ். அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டிப் பிள்ளையைப் பண்டிதர்கள் ஏறெடுத்துப் பார்க்கலாகாது என்று எந்த இலக்கண நூலும் விதித்ததாக நான் அறியேன்.

சென்ற மார்கழி விடுமுறையில், எங்கள் கல்லூரியிலே பாலபண்டித வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன் என் வீட்டுக்கு வந்தான். அவ்வாண்டின் சிறந்த படங்கள் எவையெனப் பலரும் வெளியிட்ட பட்டியல்கள் அவனுடைய கைத்தொலைபேசியில் இருந்தன. ஒன்றில் முதலிடம் பெற்ற படம் மற்றொன்றில் பெயரளவிலும் இல்லை.

“ஐயா, ஐஞ்சு பேர் ஐஞ்சு படத்தைச் சொல்லினம். அப்ப ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதானே கருத்து?” என்று கேட்டான்.

கேள்வி படத்தைப் பற்றியதன்று என்பது எனக்கு உடனே விளங்கிற்று. அதற்கு முந்திய வாரத்திலேதான் அவன் எழுதிய கட்டுரை ஒன்றுக்கு நான் 48 புள்ளி இட்டிருந்தேன். அதே கட்டுரைக்கு என் சக ஆசிரியர் ஒருவர் 71 புள்ளி வழங்கியிருந்தார். விமரிசகரை வினவுவான்போல அவன் எங்களையே வினவினான். நேர் விடை என்னிடம் இருக்கவில்லை. “ஒரு வழக்கை எடுத்து விசாரிப்போம், பிறகு சொல்லுகிறேன்” என்று கூறி வைத்தேன்.

ஓராண்டின் வழக்கு

நாங்கள் எடுத்துக்கொண்ட வழக்கு 1985ஆம் ஆண்டுக்குரியது. அமெரிக்காவிலே ஆண்டுதோறும் சிறந்த படத்தைத் தெரிவு செய்யும் சபைகள் பல உள. அவற்றுள் ஐந்தினை மட்டும் நோக்குவோம். தேசிய மதிப்பீட்டுச் சபை 1909இலே தோன்றியது. விமரிசகர் மாத்திரமன்றிக் கல்வியாளரும் திரைப்பட ஆர்வலரும் அதில் இடம்பெறுவர். நியூயோர்க் விமரிசகர் வட்டம் 1935இல் அமைந்தது. அவ்வட்டம் நாளிதழ் விமரிசகர்க்கே இடமளித்தமையால், சஞ்சிகைகளில் எழுதுவோர் கூடி 1966இல் தேசிய விமரிசகர் கழகத்தை நிறுவினர். லொஸ் ஏஞ்சல்ஸ் விமரிசகர் சங்கம் 1975இலே பிறந்தது. ஐந்தாவது, 1929 முதல் ஒஸ்கார் விருது வழங்கிவரும் அக்கடமி. இதில் இருப்போர் விமரிசகரல்லர்; படத்தொழிலைச் செய்வோர்.

இவ்வைந்து சபைகளும் 1985ஆம் ஆண்டுப் படங்களை ஆராய்ந்து அளித்த முடிபு வியப்புக்குரியது. தேசிய மதிப்பீட்டுச் சபை ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘த கலர் பேர்ப்பிள்’ படத்தைச் சிறந்ததென்றது. நியூயோர்க் வட்டம் ஜோன் ஹியூஸ்டனின் ‘பிரிட்சீஸ் ஒனர்’ என்றது. லொஸ் ஏஞ்சல்ஸ் சங்கம் டெரி கில்லியமின் ‘பிரேசில்’ என்றது. தேசிய விமரிசகர் கழகம் யப்பானிய மேதை அகிரா குரோசவாவின் ‘ரான்’ என்றது. அக்கடமியோ சிட்னி பொலக்கின் ‘அவுட் ஒவ் ஆபிரிக்கா’வுக்கு முடிசூட்டிற்று. ஐந்து சபைகள், ஐந்து படங்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போன இரண்டு தாமும் இல்லை.

இன்னுமொன்று. ‘அவுட் ஒவ் ஆபிரிக்கா’, ‘த கலர் பேர்ப்பிள்’ ஆகிய இரண்டும் ஒஸ்காருக்குப் பதினொரு பிரிவுகளிலே பிரேரிக்கப்பட்டன. முன்னையது ஏழு விருதுகளை அள்ளிக்கொண்டது. பின்னையதற்கு ஒன்றேனும் கிட்டவில்லை. ‘பிரேசில்’, ‘ரான்’ ஆகியனவோ சிறந்த படத்துக்கான ஐந்தின் வரிசையிலேயே இடம்பெறவில்லை.

1985இல் நான் பாடசாலை மாணவன். இப்படங்களுள் எதுவும் அக்காலத்திலே என் கண்ணிற் பட்டதில்லை. நாற்பது ஆண்டு கழிந்தபின், விடுமுறையில் ஐந்து மாலைப்பொழுதுகளை ஒதுக்கி, அம்மாணவனும் நானும் எங்கள் கல்லூரி ஆசிரியை ஒருவரும் என் வீட்டு முன்கூடத்திலிருந்து அவ்வைந்தையும் பார்த்தோம். எங்கள் மூவருள்ளும் ஒற்றுமை உண்டாகும் என்று நான் எண்ணியிருந்தேன். அஃது எத்துணைப் பேதைமை!

ஐந்து மாலைப்பொழுதுகள்

முதலாம் நாள் ‘அவுட் ஒவ் ஆபிரிக்கா’. டென்மார்க் நாட்டு எழுத்தாளர் கேரன் பிளிக்சன் கென்யாவிலே கோப்பித் தோட்டம் நடத்திய வரலாறு. மலையும் புல்வெளியும் வானூர்தியிலிருந்து காணும் காட்சிகளும் கண்ணுக்கு விருந்தாயின. தோட்டம் எரிகின்றது; காதலன் வானூர்தி விபத்திலே மாள்கின்றான்; அவள் ஊர் திரும்புகின்றாள். அழகிய படமே. ஆயினும் அந்நிலத்துக்குரிய மக்கள் அதில் பெரும்பாலும் ஓரத்திலேயே நின்றனர் என்பதை மாணவன் சுட்டினான்.

இரண்டாம் நாள் ‘பிரிட்சீஸ் ஒனர்’. கொலைத் தொழில் புரியும் குடும்பமொன்றிற் பணிசெய்யும் ஒருவன், அதே தொழில் புரியும் பெண்ணொருத்தியைக் காதலித்து மணக்கின்றான். பின்னர் கணவனைக் கொல்ல மனைவியும், மனைவியைக் கொல்லக் கணவனும் ஏவப்படுகின்றனர். இதனை நகைச்சுவைப் படமாக எடுத்தவர் எண்பது வயதை அணுகிய முதியவர். அவருடைய மகள் அஞ்ஜெலிக்கா இதில் நடித்துத் துணைநடிகைக்கான ஒஸ்காரைப் பெற்றார். அவருடைய தந்தையார் வோல்டர் ஹியூஸ்டனும் 1948இல் மகன் நெறியாண்ட படமொன்றில் நடித்து அவ்விருதை முன்பே பெற்றிருந்தார். நானும் சிரித்தேன்; ஆயினும் என் சிரிப்பு ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்தியே வந்தது.

மூன்றாம் நாள் ‘பிரேசில்’. எங்கும் கடதாசிகளும் குழாய்களும் நிறைந்த ஓர் அரசு. தட்டச்சு இயந்திரத்துள் ஒரு பூச்சி விழுகின்றது. பெயரில் ஓரெழுத்து மாறிவிடுகின்றது. குற்றமற்ற ஒரு குடும்பத் தலைவன் பிடிக்கப்பட்டு மாண்டுபோகின்றான். அவனைக் கொண்டுசெல்லும்போது, மனைவியிடம் பற்றுச்சீட்டிற் கையொப்பம் வாங்குகின்றனர். எழுத்துப்பிழைக்குப் புள்ளி குறைப்பதையே தண்டனை என்று எண்ணியிருந்த எனக்கு அக்காட்சி நெடுநேரம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை. மாணவன் அன்றே முடிவு செய்துவிட்டான்: ஐந்திலும் சிறந்தது இதுவே என்று.

நான்காம் நாள் ‘ரான்’. குழப்பம் என்பது அச்சொல்லின் பொருள். சேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையைத் தழுவியது. மூன்று புதல்வியருக்குப் பதிலாக மூன்று புதல்வர். லியரிலே காணாத ஒன்றைக் குரோசவா சேர்த்திருக்கிறார்: இக்கிழவன் வெறும் ஏமாளியல்லன், ஒருகாலத்திலே பிறர் கோட்டைகளைக் கொளுத்திப் பிறர் குடும்பங்களை அழித்துத் தன் அரசை அமைத்தவன். இன்று அவன் கோட்டை எரிகின்றது. அப்பெரும் போர்க் காட்சியிலே வாளோசையும் இல்லை. குதிரைக் குளம்போசையும் இல்லை. துயரிசை மட்டுமே ஒலிக்கின்றது. பின்னர் ஒரேயொரு துப்பாக்கி வேட்டு அந்த மௌனத்தைக் கிழிக்கின்றது. அப்படம் வெளிவந்தபோது குரோசவாவுக்கு வயது எழுபத்தைந்து. அன்றிரவு நான் உறங்கவில்லை. இதற்கு மேல் வேறு படமில்லை என்பது என் தீர்ப்பு.

ஐந்தாம் நாள் ‘த கலர் பேர்ப்பிள்’. அலிஸ் வோக்கரின் நாவலைத் தழுவியது. தந்தை எனப்பட்டவனாலும் கணவனாலும் துன்புறுத்தப்பட்ட கறுப்பினப் பெண்ணொருத்தியின் கதை. படம் முடிந்ததும் நான் சற்று அலட்சியமாகவே பேசினேன். “கண்ணீர் மிகுதி, இசை மிகுதி, முடிவு சர்க்கரைப் பாகு” என்றேன். அப்படம் கறுப்பின ஆடவரைக் கொடியவராகக் காட்டிற்று என்று அமெரிக்காவில் எழுந்த கண்டனத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

பொருளில் ஒட்டிய சொல்

இவ்வளவு நாளும் அதிகம் பேசாதிருந்த ஆசிரியை அப்பொழுதுதான் வாய் திறந்தார்.

“ஐயா, தங்கச்சி அக்காவுக்கு எழுத்துப் படிப்பிக்கிற இடத்தைக் கவனிச்சியளோ?” என்றார்.

கவனித்திருந்தேன், ஆனாற் கண்டிருக்கவில்லை. தங்கை நெற்றி வீட்டிலுள்ள பொருள்கள்மீது அவ்வவற்றின் பெயரைக் கடதாசியில் எழுதி ஒட்டுகின்றாள். அக்காள் செலி அவற்றைத் தொட்டுத் தொட்டு வாசிக்கின்றாள். தங்கையை வீட்டை விட்டுத் துரத்தும் கொடுங்கணவன், பின்னர் அவள் எழுதும் கடிதங்களையெல்லாம் ஆண்டுக்கணக்காக மறைத்து வைக்கின்றான். அக்கடிதங்கள் செலியின் கையிற் சேரும்போது அவளால் அவற்றை வாசிக்க முடிகின்றது. ஏன் முடிகின்றது? அன்று பொருள்மீது ஒட்டிய அச்சொற்களாலே.

“அவளை விடுவிச்சது கண்ணீரில்லை, ஐயா; எழுத்து. நாங்கள் செய்யிற தொழில்தான். எங்களுக்கு அது தெரியாமற் போனால் ஆருக்குத் தெரியும்?” என்றார் ஆசிரியை.

நான் விடை கூறவில்லை. முப்பது ஆண்டாக எழுத்தறிவித்து உண்பவன், எழுத்தறிவித்தலைப் பொருளாகக் கொண்ட படத்தைப் பார்த்து, இசை மிகுதி என்று குறை கூறினேன். குற்றம் படத்திலிருந்ததோ என் கண்ணிலிருந்ததோ? காப்பியமும் மன்னரும் போரும் கற்று வளர்ந்த என் கண் காப்பியத்தையும் மன்னனையும் போரையும் கண்ட இடத்திலே தாவிப் பற்றிக்கொண்டது. சமையலறையிலே நிகழ்ந்த எழுத்தறிவிப்பு அதற்குப் புலனாகவில்லை.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலைப் பயின்றோர்க்கு இவ்வைந்து படங்களையும் வகைப்படுத்துவது எளிது. ஒன்றிலே உவகையும் பிரிவும், ஒன்றிலே எள்ளல் பற்றிய நகை, ஒன்றிலே வெகுளி, ஒன்றிலே அச்சம், ஒன்றிலே அழுகை. ஐந்து சபைகளும் ஐந்து மெய்ப்பாடுகளைத் தேர்ந்தன என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படியே சொல்லி மாணவனை மகிழ்வித்தேன். ஆனால் அஃது அரைகுறை உண்மையே. அழுகை என்று பெயரிட்டு அடுக்கி வைத்ததனாலேயே அப்படத்தில் அழுகையல்லாத ஒன்று இருந்தமையை நான் தவறவிட்டேன். வகுத்தல் வேறு, காணுதல் வேறு.

எண்ணும் முறை

நிற்க, சபைகளின் முடிபு வேறுபடுவதற்குக் கண் வேறுபாடு மாத்திரம் காரணமன்று. எண்ணும் முறையும் காரணமாகும். தேசிய விமரிசகர் கழகத்திலே ஒவ்வொருவரும் மூன்று படங்களை வரிசைப்படுத்துவர். முதலாவதற்கு மூன்று, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று எனப் புள்ளி சேரும். அக்கடமியிலே அக்காலத்தில், பிரேரிக்கப்பட்ட ஐந்தினுள் எதற்கு வாக்கு மிகுதியோ அதுவே வெல்லும். 2009ஆம் ஆண்டுப் படங்கள் தொடக்கம் அங்கும் சிறந்த படத்துக்கு விருப்பு வரிசை முறை வந்துவிட்டது. எண்ணும் முறை மாறினால் வெற்றியும் மாறுமோ என்று ஐயுறுவோருக்கு என் அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை நாடகப் போட்டி ஒன்றிலே நடுவர் ஐவருள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். இறுதிச் சுற்றில் மூன்று நாடகங்கள். நடுவர் மூவர் முதல் நாடகத்துக்கு முதலிடமும் இரண்டாம் நாடகத்துக்கு இரண்டாமிடமும் மூன்றாம் நாடகத்துக்குக் கடைசியிடமும் தந்தனர். மற்றை இருவர் இரண்டாம் நாடகத்துக்கு முதலிடமும் மூன்றாம் நாடகத்துக்கு இரண்டாமிடமும் தந்து, முதல் நாடகத்தைக் கடைசியில் வைத்தனர். முதலிடங்களை மட்டும் எண்ணினால் மூன்றுக்கு இரண்டு; முதல் நாடகம் வெல்லும். மூன்று, இரண்டு, ஒன்று என்று புள்ளியிட்டால் முதல் நாடகத்துக்குப் பதினொன்று, இரண்டாம் நாடகத்துக்குப் பன்னிரண்டு, மூன்றாவதற்கு ஏழு. இரண்டாம் நாடகம் வெல்லும். ஐயமுடையோர் கூட்டிப் பார்க்கலாம். நடுவர்கள் மாறவில்லை, நாடகங்கள் மாறவில்லை, அவர்கள் மனமும் மாறவில்லை. வென்றவர் மட்டும் மாறுகின்றனர்!

எந்த முறையைக் கொள்வதென்று அரைமணி நேரம் வாதிட்டோம். அந்த அரைமணியில் நாடகங்களைப் பற்றி ஒருவரேனும் ஒரு சொல் பேசவில்லை.

முடிவு அறிவிக்கப்பட்டபின் மூன்றாமிடம் பெற்ற நாடகத்தை எழுதிய மாணவி என்னிடம் வந்தாள். பதினாறு வயதிருக்கும். “ஐயா, எங்கடை நாடகத்திலை என்ன குறை?” என்று பணிவாகக் கேட்டாள். அதனைக் கடைசியில் வைத்த மூவருள் நானும் ஒருவன். என் தாளைப் புரட்டினேன். அதில் எண்கள் மாத்திரமே இருந்தன. “குறையொன்றுமில்லைப் பிள்ளை, அடுத்த முறை பார்ப்போம்” என்றேன். குறையொன்றுமில்லாத நாடகத்தை ஏன் கடைசியில் வைத்தீர் என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்கும்; கேட்கவில்லை. வணக்கம் கூறிச் சென்றாள். அதன்பின் அவள் நாடகம் எழுதினாளோ, எழுதாமலே விட்டாளோ, நான் அறியேன். தோற்றமைக்காக அவளுக்கு நான் கடன்பட்டவனல்லன். காரணம் கூறாமைக்காகக் கடன்பட்டவன்.

தீர்ப்பின் வலிமை

இவையெல்லாம் வெறும் பரிசு விவகாரங்கள்தாமே, இவற்றிற்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என்று வாசகர் கேட்கலாம். ‘பிரேசில்’ படத்தின் வரலாறு அதற்கு விடையாகும்.

அப்படம் 1985இன் தொடக்கத்திலேயே ஐரோப்பாவிலே காட்டப்பட்டது. அமெரிக்க உரிமை பெற்ற யுனிவேர்சல் நிறுவனமோ படம் நீண்டது, முடிவு துயரமானது என்று கூறி அதனை வெளியிட மறுத்தது. கதாநாயகன் இறுதியிலே சித்தங் கலங்கிச் சித்திரவதை நாற்காலியிற் கிடக்கின்றான். நிறுவனம் காதலர் இனிது வாழும் முடிவை வேண்டிற்று. அதற்கேற்ப வெட்டிச் சுருக்கிய வேறொரு படியும் ஆயத்தமாயிற்று. நெறியாளர் கில்லியம் உடன்படவில்லை. என் படத்தை எப்பொழுது வெளியிடப்போகிறீர் என்று நிறுவனத் தலைவரைப் பெயர் சொல்லிக் கேட்டுத் திரைத்தொழில் இதழொன்றில் முழுப்பக்க விளம்பரமே செய்தார். விமரிசகர்க்குத் தனியாகப் படத்தைக் காட்டினார். அவ்வாண்டு டிசம்பரிலே லொஸ் ஏஞ்சல்ஸ் விமரிசகர்கள் கூடி, அமெரிக்கத் திரையரங்கு எதனிலும் அதுவரை வெளிவராத அப்படத்துக்கே சிறந்த படம், சிறந்த நெறியாள்கை, சிறந்த திரைக்கதை என்னும் மூன்று விருதுகளையும் வழங்கினர். நிறுவனத்துக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. அம்மாதத்திலேயே நியூயோர்க்கிலும் லொஸ் ஏஞ்சல்சிலும், துயர முடிவு மாறாமலே படம் திரையேறிற்று.

இனி இவ்வாறு எண்ணிப் பாருங்கள். எல்லாச் சபைகளும் ஒத்த கருத்தினராகி ‘அவுட் ஒவ் ஆபிரிக்கா’வையே தெரிந்திருந்தால் ‘பிரேசில்’ என்னவாகியிருக்கும்? நாம் அன்று கண்ட படத்தைக் கண்டிருப்போமோ, காதலர் இனிது வாழும் வெட்டுப்பட்ட படத்தைக் கண்டிருப்போமோ? வேறுபட்டு நின்ற ஒரு சபையின் தீர்ப்பு ஒரு படைப்பின் உயிரைக் காத்தது. ‘ரான்’ நிலையும் ஒருவாறு இத்தகையதே. யப்பானியத் திரைத்துறையினர் தம் நாட்டின் சார்பிலே அதனைப் பிறமொழிப் படத்துக்கான ஒஸ்காருக்கு அனுப்பவில்லை. குரோசவா நெறியாளர் விருதுக்குப் பிரேரிக்கப்பட்டும் பெறவில்லை. ஆடையமைப்புக்காக மாத்திரம் எமி வாடா விருது பெற்றார். பிறமொழிப் படமென்று ஒதுக்காது, ஆண்டின் சிறந்த படம் அதுவேயென்று தேசிய விமரிசகர் கழகத்தார் துணிந்து கூறினர்.

காலம் நடுவரா?

சபைகள் தவறலாம், காலம் தவறாது என்பார் உளர். இக்கருத்துக்கு எடுத்துக்காட்டாக அவர்கள் கூறுவது 1941ஆம் ஆண்டை. அவ்வாண்டு ஓர்சன் வெல்ஸின் ‘சிற்றிசன் கேன்’ படத்தை நியூயோர்க் விமரிசகர் வட்டம் சிறந்ததென்றது. அக்கடமி ‘ஹௌ கிறீன் வோஸ் மை வலி’ என்ற படத்தைத் தெரிந்தது. பிற்காலம் நியூயோர்க் வட்டத்தின் பக்கமே நின்றது என்பர்.

பிரித்தானியச் சஞ்சிகையான ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகரைக் கேட்டு எக்காலத்துக்குமுரிய சிறந்த படங்களை வரிசைப்படுத்துகின்றது. 1952இல் முதலிடம் பெற்றது இத்தாலியப் படமான ‘பைசிக்கிள் தீவ்ஸ்’. ‘சிற்றிசன் கேன்’ முதற் பத்தினுள்ளும் இல்லை. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் அதுவே முதலிடம் பெற்றது. 2012இல் ஹிட்ச்கொக்கின் ‘வேர்ட்டிகோ’ அதனைக் கீழிறக்கிற்று. 2022இலோ சன்ரால் அக்கர்மன் என்னும் பெண் நெறியாளர் 1975இலே எடுத்த ‘ஜோன் டீல்மன்’ முதலிடத்தை அடைந்தது. ஓர் இல்லத்தரசியின் மூன்று நாள் வீட்டு வேலையை மூன்று மணி நேரத்துக்கு மேலாகப் பொறுமையோடு காட்டும் படம் அது. காலம் என்னும் நடுவரும் தீர்ப்பை மாற்றி மாற்றி எழுதுகின்றார். காலம் என்பது பின்னே வந்த மனிதரேயன்றி வேறன்று. அவர்கள் புதிதாய்ப் பார்க்கக் கற்றதனாலேயே தீர்ப்பு மாறுகின்றது. சமையலறையிலே நிகழ்வதும் காணத்தக்கதே என்பதை நான் என் வீட்டு முன்கூடத்தில் ஆசிரியையிடம் கற்றேன். உலகத்து விமரிசகர் பலரும் அதனைச் சிறிது சிறிதாகக் கற்றனர் போலும்.

உரைகாரர் வழி

அங்ஙனமாயின் மாணவன் கூறியதுபோல ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது என்பதுதானோ முடிவு? அன்று. இதற்கு வழி நம் முன்னோரிடமே உண்டு.

திருக்குறளுக்குப் பழைய உரைகாரர் பதின்மர் என்பர். ஒரே குறளுக்கு மணக்குடவர் ஒரு பொருள் கண்டார். பரிமேலழகர் வேறு பொருள் கண்டார். பதின்மர் பத்து உரை கூறியமையால் குறளுக்குப் பொருளே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையைச் சேனாவரையர் பல இடங்களில் மறுத்தார். மறுக்கும்போது வெறுமனே பொருந்தாது என்று கூறி அகலவில்லை. எதிர்த்தரப்பின் கருத்தை முதலிலே எடுத்துரைத்து, அஃது ஏன் பொருந்தாதெனக் காரணங் காட்டி, அதன்பின்னரே தம் கருத்தை நிறுவினார். நம் நாட்டிலே புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் அவர்கள் சேனாவரையர் உரைக்கு எழுதிய விளக்கக் குறிப்புகளைக் கற்றோர், காரணங் கூறி மாறுபடுதல் எத்துணைப் பெரிய கல்வி என்பதை அறிவர். இளம்பூரணரைச் சேனாவரையர் மறுத்ததனால் நாம் இளம்பூரணரை எறிந்துவிடவில்லை. இருவரையும் அருகருகே வைத்துப் படிக்கின்றோம். இருவர் காரணங்களுக்கும் நடுவே நின்றுதான் சூத்திரம் நமக்கு விளங்குகின்றது.

ஆண்டிறுதிப் பட்டியல்களையும் அவ்வாறே படிக்கலாம். முதலாவது எது, இரண்டாவது எது என்ற எண்ணை மட்டும் கொண்டால் ஐந்து சபைகளும் ஒன்றையொன்று பொய்யாக்கும். எண்ணுக்குக் கீழே எழுதிய காரணத்தைப் படித்தால், ஒவ்வொன்றும் மற்றது காணாத ஒன்றை நமக்குக் காட்டும். காரணமற்ற பட்டியலுக்கு நான் நாடகப் போட்டியில் வைத்திருந்த தாளிலும் அதிக மதிப்பில்லை. எந்தப் படம் எனக்குச் சிறந்தது என்று இன்று கேட்டால், ‘ரான்’ என்றே இப்பொழுதும் சொல்வேன். ஆனால் ‘த கலர் பேர்ப்பிள்’ படத்தை ஏன் அதற்குக் கீழே வைக்கிறேன் என்பதற்குச் சர்க்கரைப் பாகு என்ற சொல் போதாது என்பதை அறிந்தே சொல்வேன்.

விடுமுறை முடிந்து கல்லூரி தொடங்கியதும் நானும் என் சக ஆசிரியரும் அம்மாணவனின் கட்டுரையை மேசைமீது வைத்து மறுபடி படித்தோம். அவன் இரண்டாம் பக்கத்திலே காட்டியிருந்த ஓர் ஒப்புமையை நான் கவனியாமலே கடந்திருந்தேன். அவன் முடிவுரையிலே சான்றின்றிக் கூறிய ஒன்றை என் நண்பர் கவனியாமலே கடந்திருந்தார். என் புள்ளி 48இலிருந்து 56 ஆயிற்று. நண்பரின் புள்ளி 71இலிருந்து 68 ஆயிற்று. இதற்கு மேல் இருவரும் இறங்கி வரவில்லை. வர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இம்முறை இருவரும் தனித்தனியே அரைப்பக்கம் காரணம் எழுதித் தாளின் பின்புறத்தில் இணைத்தோம்.

மாணவன் அதனை நின்றபடியே இருமுறை படித்தான். பிறகு, “ஐயா, நீங்கள் எழுதின இரண்டாவது காரணம் சரியில்லை” என்று கூறிப் புத்தகத்தைத் திறந்து ஓரிடத்தைக் காட்டினான். மணி அடித்தது, அவன் வகுப்புக்குச் சென்றுவிட்டான். அவன் காட்டிய இடத்தை அன்றிரவு எடுத்துப் படித்தேன். அவன் கூறுவதிலும் நியாயமிருக்கிறது. நாளை அவனோடு பேச வேண்டும்.